பசிக்கு முகம் வேண்டுமா?

தலைநகர் தில்லியில் பெரிய மருத்துவமனை ஒன்றின் வெளிச்சுவரை ஒட்டிய நடைபாதையில், ஞாயிறுதோறும் நண்பகலில் எங்கள் குடியிருப்புத் தமிழன்பர்கள் சிலர் உணவு வழங்கி வருகிறோம். உண்பவருள் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள். நோயாளிக்கு உள்ளே கட்டில் உண்டு. துணைக்கு வந்தவருக்கு நடைபாதையே வீடு. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பத்துப் பொட்டலங்களோடு தொடங்கிய பணியில் இன்று இருநூறு பேர் உண்கின்றனர். பணி வளர்ந்ததும் கணக்கு வளர்ந்தது. கணக்கு வளர்ந்ததும் ரசீதுப் புத்தகம் வந்தது. அது வந்ததும், அதன் தலைப்பில் பொறிக்க ஒரு சின்னமும், நன்கொடை வேண்டிச் சுவர்களில் ஒட்ட ஒரு சுவரொட்டியும் வேண்டும் என்றாயிற்று.

அலுவலகத்தில் அறிவிப்புப் பலகை எழுதுபவன் என்னும் ஒரே தகுதியால் அப்பொறுப்பு என்மேல் விழுந்தது. மைய அரசின் கோப்புகளில் இருபது ஆண்டுகளைக் கழித்தவனுக்குச் சித்திரம் தீட்டும் வாய்ப்பு எப்போதாவதுதான் வாய்க்கிறது; மறுக்க மனம் வரவில்லை. ஒரு மாலையில் முடியும் வேலை என்று எண்ணினேன். மூன்று மாதம் ஆயிற்று.

முதலில் சின்னம். பசி நீக்கும் பணியில் ஈடுபட்ட பெரிய அமைப்புகள் கதிரையும் கையையும் நாடியுள்ளன. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பினது சின்னத்தில் கோதுமைக் கதிர் நிற்கிறது. 1961-இல் தோன்றிய உலக உணவுத் திட்டத்தின் சின்னத்தில் ஒரு கை தானியக் கதிர்களைப் பற்றியிருக்கிறது. நானும் கைகளையே வரைந்தேன். மேலே ஒரு கை, அதில் உணவு. கீழே ஏந்திய ஒரு கை. பார்த்தவர் அனைவருக்கும் உடனே விளங்கிற்று. சின்னத்திற்கு வேண்டிய இலக்கணம் அதுவன்றோ? எனினும் இரவில் தனித்திருந்து நோக்கியபோது ஓர் ஐயம் எழுந்தது. படத்தில் மேல் என்பதும் கீழ் என்பதும் வெறும் இடத்தை மட்டுமா சொல்கின்றன?

தொல்காப்பியர், சொல்லதிகாரத்தில், ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் ஒன்றை வேண்டிக் கேட்டற்கு உரியனவாக வகுத்து, தாழ்ந்தவன் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான் என்று வரையறுக்கிறார். பி.ஏ. தேர்வுக்காக மனப்பாடம் செய்த செய்தி, பிற்காலத்தில் ஒரு படத்தைத் திருத்த உதவும் என்று யார் கண்டார்? நான் வரைந்த கை ‘ஈ’ என்று சொல்லும் கை. எங்கள் வரிசையில் நிற்கும் முதியவரோ, தம் ஊரில் இரண்டு பிகா நிலத்துக்கு உரியவர். மனைவியின் அறுவை மருத்துவத்துக்காக வந்து, கைப்பணம் தீர்ந்து நிற்பவர். அவர் எங்களிடம் ‘தா’ என்னும் தோரணையில்தான் தட்டை நீட்டுகிறார். அவர்மேல் வேறொரு கோலத்தை ஏற்ற எனக்கு என்ன உரிமை? கைகள் இரண்டையும் அழித்துவிட்டேன்.

அன்பர் ஒருவர் அமுதசுரபியை வரையச் சொன்னார். ஆதிரையிடம் முதற்பிச்சை பெற்று, காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பெரும்பசியை அவித்த பாத்திரம் அது. தமிழர் நெஞ்சுக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லைதான். ஆனால் தில்லித் தெருவில் அதை அறிந்தார் எத்தனை பேர்? “எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம்னு போட்டுட்டு, அதுக்கு நன்கொடை கேட்டா நல்லா இருக்குமா சார்?” என்றார் எங்கள் பொருளாளர். சிரித்தோம், ஆயினும் அவர் கேட்டது சரியே. முடிவில் ஒரு தையல் இலையும் அதன்மேல் ஓர் அகப்பையும் வரைந்தேன். அகப்பை நம் வீட்டிலும் உண்டு, குருத்வாராவிலும் உண்டு. அதைப் பிடித்த கையை மட்டும் வரையவில்லை. ரப்பர் முத்திரையில் எட்டணா அளவுக்குச் சுருக்கினாலும், அண்டாவின் பக்கத்தில் பெயிண்டால் பெரிதாக எழுதினாலும் அகப்பை அகப்பையாகவே தெரிந்தது.

சுவரொட்டியில்தான் வழக்கு வந்தது. எங்களோடு பரிமாறும் இளைஞர் ஒருவர், வரிசையில் நின்ற ஏழு வயதுச் சிறுவனைப் படம் எடுத்திருந்தார். ஒட்டிய கன்னம், கையில் வெறுந்தட்டு, நம்மை நேராகப் பார்க்கும் இரு கண்கள். குறை சொல்ல இயலாத படம். குழுவினர் ஒருவர்பின் ஒருவராக வாங்கிப் பார்த்து மௌனமாயினர். “இதுக்கு மேல ஒரு வரியும் எழுத வேண்டாம் சார்” என்றார் பொருளாளர். சிறுவனின் தந்தையிடம் கேட்டே எடுத்ததாக இளைஞர் சொன்னார். உண்மையாகவே இருக்கும். ஆனால் உணவு வரிசையில், அண்டாவுக்கு நான்கடி முன்னே நிற்கும் ஒருவரிடம், அகப்பை ஏந்தியவரின் தோழர் கேட்டுப் பெறும் இசைவு எத்தகைய இசைவு? ‘மாட்டேன்’ என்று சொல்ல இடமில்லாதபோது ‘சரி’ என்ற சொல்லுக்கு எடை ஏது? நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று வினவினார்கள். அன்று விடை சொல்ல வாய் வரவில்லை. நண்பர்களிடம் சொல்லாததை இம்மலரில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 1982 ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் உண்டு வளர்ந்தவன் நான். 1988-இல் மூன்றாம் வகுப்பு. அலுமினியத் தட்டு, அதன் விளிம்பில் என் பெயரின் முதலெழுத்தைத் தந்தையார் ஆணியால் பொறித்திருந்தார். ஒருநாள் வெளியூரார் சிலர் பள்ளிக்கு வந்தனர். நாங்கள் உண்டு, தட்டுக் கழுவி, புளியமரத்தடியில் ஆடிக்கொண்டிருந்தோம். அவர்களுள் ஒருவர் என்னை அழைத்து, கழுவிய தட்டை நெஞ்சுக்கு நேரே இரு கையாலும் பிடிக்கச் சொன்னார். படம் எடுக்கிறார்களே என்ற மகிழ்ச்சியில் நான் சிரித்தேன். “சிரிக்காதே, தம்பி” என்றார். சட்டையின் மேற்பொத்தானைக் கழற்றிவிட்டார். வயிறு நிறைந்திருந்த எனக்குப் பசித்தவன் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அந்தப் படம் எங்கே வெளியாயிற்று, எவர் நெஞ்சை இளக்கிற்று, அதனால் எத்தனை பிள்ளைகள் உண்டார்கள் என்பதை நான் அறியேன். உண்டிருக்கலாம். ஆனால் அதுவரை பள்ளிக்கூடத்துச் சோறாக இருந்தது, மறுநாள் வரிசையில் நின்றபோது முதன்முதலாகப் பிச்சைச் சோறாகத் தோன்றிற்று. வீட்டில் சொல்லவில்லை. தட்டில் உள்ள எழுத்தை விரலால் மறைத்துப் பிடிக்கப் பழகினேன்.

அடுத்த கூட்டத்திலும் இதைச் சொல்லாமலே, முகம் வேண்டாம் என்று மட்டும் வற்புறுத்தினேன். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் உண்டு, கல்கத்தாவில் வளர்ந்தவர், அனைவருக்கும் அவர் டீச்சர். “1943-ல வங்காளத்துல படம் போடலேன்னா என்ன ஆகியிருக்கும் தம்பி?” என்று அவர் கேட்டார்.

எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அன்று அது. அவ்வாண்டு கல்கத்தா நடைபாதைகளில் மக்கள் மடிந்துகொண்டிருக்க, ஆட்சியினர் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. ஆகஸ்டு 22-ஆம் நாள் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேடு, ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸின் துணிவால், பட்டினியில் கிடந்தோரின் ஒளிப்படங்களை வெளியிட்டது. அதன் பின்னரே மறைத்துப் பேசுவது கடினமாயிற்று. ஓவியர் சித்தபிரசாத் மிதுனபுரி மாவட்டத்தில் அலைந்து தீட்டிய கோட்டோவியங்கள் ‘பசித்த வங்காளம்’ என்னும் பொருள்படும் பெயரில் நூலாயின. ஆங்கில அரசு அதன் படிகளைக் கைப்பற்றி அழித்தது. மாண்டோர் 15 இலட்சம் என்று 1945-இல் விசாரணை ஆணையம் சொல்லிற்று. பிற்கால ஆய்வாளர் 30 இலட்சம் வரை சொல்வர். இத்தகைய கொடுமையை ஒருவன் மறைக்கும்போது மற்றொருவன் காட்டாதிருத்தல் பாவமே.

எனினும் சித்தபிரசாத்தின் ஓவியங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். சிலவற்றில் வரையப்பட்டவரின் பெயர் எழுதப்பட்டுள்ளது. அவர் பசிக்கு ஓர் எடுத்துக்காட்டு அல்லர். இன்ன பெயரோடு வாழ்ந்து, கைவிடப்பட்டு மாண்ட ஒரு மனிதர். அங்கே படம் சாட்சி சொல்கிறது. கைவிட்டவர்மேல் குற்றம் சாட்டுகிறது. இனி, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் ஹூப்பர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி எடுத்த ஒளிப்படங்களைப் பாருங்கள். எலும்பும் தோலுமான நம் முன்னோர், குழுவாக அமர்த்தப்பட்டு, நம்மை நோக்கி இருக்கிறார்கள். நான் கண்ட படங்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. எங்கள் சுவரொட்டி இவ்விரண்டில் எதைச் சேரும்? அது எவர்மேலும் குற்றம் சாட்டவில்லை. ஐந்நூறு ரூபாய் கேட்கிறது, அவ்வளவே. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவை உரிமை என்ற நிலைக்கு உயர்த்திற்று. உரிமையாளனை இரவலனாக வரைந்து அவனுக்கு உதவுவது விந்தையான உதவி.

“சுவரொட்டியைச் சந்தையில் ஒட்டுவோம், அலுவலக வாயிலில் ஒட்டுவோம். நாம் பரிமாறும் நடைபாதைச் சுவரிலும் ஒட்டுவோமா? அந்தப் பையன் அதன்கீழ் உட்கார்ந்து சாப்பிடுவானா?” என்று கேட்டேன். சற்றுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர் டீச்சர் மெல்லச் சொன்னார்: “நீங்க சொல்றது புரியுது தம்பி. ஆனா முகம் போட்டா பணம் கூட வரும். உங்க கூச்சத்துக்கு விலை கொடுக்கப்போறது நீங்க இல்லை, அவன்தான்.” இதற்கு அன்றும் என்னிடம் விடையில்லை, இன்றும் இல்லை.

ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அகப்பை வென்றது. சுவரொட்டியில் இலையும் அகப்பையும், இருநூறு பேருக்கு ஒரு ஞாயிறு ஆகும் அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயுச் செலவு, இடமும் நேரமும், ‘நீங்களும் வந்து உடன் உண்ணலாம்’ என்று இந்தியிலும் தமிழிலும் ஒரு வரி. அவ்வாறே வந்து உண்டு, ரசீது பெற்றுச் சென்றவர் சிலர் உண்டு. ஆனால் மொத்த வரவு முந்தைய ஆண்டினும் குறைந்தது. சனவரியில் இரு ஞாயிறுகள் அடுப்பு மூட்ட இயலவில்லை. முதல் ஞாயிறன்று பழக்கத்தால் நான் அங்கே சென்றுவிட்டேன். பனிமூட்டத்தில், போர்வைக்குள் தட்டை வைத்துக்கொண்டு சிலர் காத்திருந்தனர். “ஆஜ் நஹீ, பாபுஜி?” என்று முதியவர் ஒருவர் வினவினார். இல்லை என்று தலையசைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அச்சிறுவனின் படம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அண்மையில் ஒருநாள், பின்புறம் அவன் பெயரையாவது எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். படம் எடுத்த இளைஞரைக் கேட்டேன், டீச்சரைக் கேட்டேன், பொருளாளரைக் கேட்டேன். எங்களுள் ஒருவரும் அவனிடம் பெயர் கேட்டிருக்கவில்லை.