ஏழு கையெழுத்தும் ஒரு நோக்கமும்

ஸ்ரீ அரவிந்தர் காட்டிய வழி மதமா, தத்துவமா? அன்பர்களும் அறிஞர்களும் பேசித் தீராத இந்தக் கேள்விக்கு 1982 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் விடை சொல்ல வேண்டி வந்தது. அதற்காக அவர்கள் அரவிந்தரின் போதனைகளை ஆராய்ந்தார்கள். கூடவே இன்னொரு காகிதக் கட்டும் அவர்கள் மேசைக்கு வந்தது. சங்கமாகப் பதிவுபெற்ற ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டியின் மெமோரண்டமும் பைலாவும்தான் அவை.

அந்தச் சொசைட்டியை 1960இல் தொடங்கியவர் அரவிந்தரின் ஆன்மிகத் துணைவரான அன்னை. அதன் முயற்சியில்தான் 1968 பிப்ரவரி 28 அன்று, புதுச்சேரிக்கு அருகே செம்மண் பொட்டலில் ஆரோவில் பிறந்தது. இந்த நகரம் தனி ஒருவருக்கும் சொந்தமில்லை என்று அதன் சாசனம் அறிவித்தது. ஆனால் நிலம் வாங்கப் போனால் கிரயப் பத்திரத்தில் யாராவது ஒருவர் பெயர் எழுதியாக வேண்டும். சொசைட்டியின் பெயர் ஏறியது. 1973இல் அன்னை மறைந்த பிறகு, அங்கே குடியிருந்தவர்களுக்கும் சொசைட்டிக்கும் பூசல் முற்றியது. பணம் செலவான விதம் பற்றிப் புகார்கள் எழுந்தன. 1980இல் மத்திய அரசு ஆரோவிலின் நிர்வாகத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. 'நாங்கள் ஒரு சமயப் பிரிவு, எங்கள் விவகாரத்தை நாங்களே நடத்த அரசியலமைப்பின் 26-ஆவது பிரிவு உரிமை தருகிறது' என்ற வாதம் நீதிமன்றத்துக்குப் போனது.

பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. சாதி மதம் பாராமல் எவரும் உறுப்பினராகலாம் என்கிறது சொசைட்டியின் விதி. தன்னை ஒரு மத அமைப்பு என்று அது எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. வருமான வரிவிலக்குக் கேட்டபோதும் கல்வி, பண்பாடு, ஆராய்ச்சி என்றுதான் சொல்லியிருந்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் இந்த இடத்தில் வேறுபட்டார். அரவிந்தரின் வழியைச் சமயப் பிரிவாகக் கொள்ளத் தடையில்லை என்பது அவர் கருத்து. ஆனாலும் ஒரு நகரத்தை நிர்வகிப்பது சமயக் காரியம் ஆகாது என்று சொல்லி, சட்டம் செல்லும் என்பதில் மற்றவர்களோடு ஒன்றுபட்டார்.

இந்தத் தீர்ப்பைப் படிப்பவர் மனத்தில் ஒரு சங்கடம் எழாமல் இருக்காது. உள்ளுக்குள் நிகழும் ஒரு தேடல், பதிவு அலுவலகத்துக்காக எழுதிக்கொடுத்த நாலு வரியை வைத்து அளக்கப்படலாமா?

அளக்கப்படத்தான் செய்யும். அப்படி அளக்கப்படுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. மற்றவர்களிடம் காசு வாங்கி, மற்றவர்களின் உழைப்பைச் சேர்த்து ஒரு காரியம் தொடங்கும்போதே அது தனி மனிதரின் உள்விவகாரம் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. 'நாங்கள் யார், எதற்காகக் கூடினோம்' என்று ஊரறிய எழுதிவைப்பது கொடுத்தவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

சட்டம் கேட்பது அதிகமில்லை. 1860-ஆம் ஆண்டின் மத்திய சட்டத்துக்கும், அதன் இடத்தில் தமிழ்நாட்டுக்கென வந்த 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கும் ஏழு பேர் போதும். சங்கத்தின் பெயர், நோக்கங்கள், நிர்வாகக் குழுவினரின் பெயர், தொழில், முகவரி ஆகியவை மெமோரண்டத்தில் வர வேண்டும். உறுப்பினரை எப்படிச் சேர்ப்பது, எப்படி நீக்குவது, கூட்டம் எப்போது, கணக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் பைலாவில். கையெழுத்துப் போட்டு, கட்டணம் கட்டி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடி, தணிக்கையான கணக்கைப் பார்க்க வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் உறுப்பினர் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம் என்கிறது மாநிலச் சட்டம். தெருவில் மார்கழி பஜனை நடத்தும் ஒரு குழுவே இந்த அளவைச் சுலபமாக எட்டிவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 1860-ஆம் ஆண்டுச் சட்டம் இலக்கியம், அறிவியல், தருமம் என்று வரிசைப்படுத்துகிறது. மதத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தின் நோக்கப் பட்டியலில் கல்விக்கும் தருமத்துக்கும் நடுவே மதமும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல். மதம் வேறு, தருமம் வேறு.

இந்தப் பிரிப்பில்தான் உண்மையான தத்துவச் சிக்கல் இருக்கிறது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க வழிசெய்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, அறநிறுவனம் ஒன்று தன் ஆண்டு வருமானத்தில் மதக் காரியத்துக்குச் செலவிடுவது 5 சதவீதத்தை மீறக் கூடாது என்று வரம்பு கட்டியது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வடலூருக்குப் போய்ப் பார்க்கலாம். 1867இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. சாதி கேட்காமல் இலை போடுகிறார்கள். பசித்தவனுக்குச் சோறிடுவது அங்கே வழிபாட்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சீவகாருண்யமே வழிபாடு என்றவர் அவர். அந்த அரிசிக்கான ரசீதைக் கணக்குப்பிள்ளை எந்தத் தலைப்பில் எழுதுவார்? தருமம் என்றே எழுதுவார், சட்டமும் ஒப்புக்கொள்ளும். ஆனால் வள்ளலார் ஒன்றாகக் கண்டதை அந்தக் கணக்குப் புத்தகம் இரண்டாகத்தான் காண முடியும். சட்டத்தின் பார்வைக்கு எட்டும் தூரம் அவ்வளவுதான்.

எட்டாது என்பதற்காக எழுதாமல் விடலாமா? அதற்கும் வடலூரிலேயே பதில் கிடைக்கிறது. சத்திய ஞான சபையில் வழிபாடு எப்படி நடக்க வேண்டும் என்று 1872இலேயே வள்ளலார் விதி வகுத்து வைத்தார். ஒளி வழிபாடு மட்டுமே அங்கே உண்டு. காலப்போக்கில் லிங்க வழிபாடு உள்ளே வந்தது. அது விதிக்கு விரோதம் என்று 2006இல் அறநிலையத் துறை உத்தரவிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிலைநிறுத்தியது. 130 ஆண்டுக்கு மேல் கழித்து ஒரு ஞானியின் கருத்தைக் காப்பாற்றியது அவர் கைப்பட எழுதிவைத்த விதி. வாய்மொழியாக மட்டும் விட்டுப்போயிருந்தால் வாதாட என்ன இருந்திருக்கும்?

அமைப்பே வேண்டாம் என்றவர்களும் உண்டு. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் நகரில், தன்னைத் தலைவராக வைத்து வளர்ந்திருந்த நட்சத்திர சங்கத்தை ஆயிரக்கணக்கான அன்பர்கள் முன்னிலையிலேயே கலைத்தார். அதற்குக் கிடைத்த சொத்துகள் கொடுத்தவர்களுக்கே திரும்பின. ஆன்மிக வரலாற்றில் அதற்கு இணையான துணிவு அரிது. ஆயினும் பேச்சுகளை அச்சிடவும் பள்ளிகளை நடத்தவும் அமைப்பு தேவைப்பட்டது. பழைய பதிப்பு அமைப்பின் நிர்வாகத்தோடு மனக்கசப்பு வளர்ந்து வழக்கில் முடிந்தது. 1968இல் புதிய அறக்கட்டளை இங்கிலாந்தில் உருவானது. உண்மைக்கு அமைப்பு தேவையில்லை என்பதை ஏற்கலாம். அச்சகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது தேவைப்படவே செய்கிறது. இரண்டையும் குழப்பாமல் இருப்பதே கடினம்.

ராமகிருஷ்ண மிஷன் இந்த வேறுபாட்டைக் காகிதத்திலேயே காட்டியது. 1897 மே 1 அன்று விவேகானந்தர் தொடங்கிய அந்த அமைப்பு, 1909 மே மாதம்தான் 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கமாகப் பதிவாயிற்று. இடையில் 1901இல் பேலூர் மடத்துக்குத் தனியாக அறக்கட்டளைப் பத்திரம் எழுதப்பட்டிருந்தது. துறவிகளின் வாழ்க்கைக்கு மடம், மருத்துவமனைக்கும் நிவாரணப் பணிக்கும் மிஷன். தங்குபவர்களும் நடத்துபவர்களும் பெரும்பாலும் அதே துறவிகள். சட்டப்படி இரண்டு வீடு.

சங்கச் சட்டத்தில் துறவிக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய பகுதி கலைப்பு பற்றியது. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர் சேர்ந்தால் சங்கத்தைக் கலைக்கலாம். கடன் தீர்த்தபின் மிஞ்சும் சொத்தில் ஒரு ரூபாய்கூட உறுப்பினருக்குப் போகாது. வேறொரு சங்கத்துக்குத்தான் போக வேண்டும். நாற்பது ஆண்டு உழைத்தவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் இதில் வித்தியாசமில்லை. பற்றறுக்கச் சொல்லும் எத்தனையோ குருமார்களின் சொத்து அவர்கள் மறைந்தபின் வாரிசுச் சண்டையில் சிக்கியதை நாடு பார்த்திருக்கிறது. பற்றறுப்பைச் சட்டப்பிரிவாகவே எழுதிய இந்த ஏற்பாட்டை அந்தக் குருமார்களின் அமைப்புகள் மதித்திருந்தால் பல நீதிமன்றப் படிகள் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் நடப்பு வேறாக இருக்கிறது. பதிவு அலுவலக வாசலில் தட்டச்சுக் கடைகளில் ஆயத்தமாக ஒரு பைலா இருக்கும். பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி, பதினைந்து இருபது நோக்கங்களை அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். தியான மன்றத்தின் நோக்கங்களில் கண் சிகிச்சை முகாமும் விளையாட்டுப் போட்டியும் வந்து உட்காரும். ஏழு பேரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுவார்கள். முதல் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார்கள். வரிவிலக்குக்கு மனுப்போடும் நாளிலோ, பூசல் வந்து வழக்கு தொடரும் நாளிலோதான் அந்தப் பக்கம் திறக்கப்படும். அப்போது மாற்ற வேண்டுமென்றால் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, பதிவாளரிடம் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். பிளவுபட்டு நிற்கும் சங்கத்தில் அதற்கான ஆதரவு சேருவது பெரும்பாடு. ஏழு பேரும் ஒரே மனத்தோடு இருக்கும் தொடக்க நாளில், ஒரு மாலை உட்கார்ந்து பேசினாலே அந்த முதல் பக்கத்தைச் சொந்தமாக எழுதி முடித்துவிடலாம்.