மிரர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்

2013 மார்ச் மாதம். கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தி மறுபடி இயக்கினார்கள். பார்த்தால், உள்ளே கோப்பு முறைமையே பழுதாகிக் கிடந்தது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த நிரல்கள், சுமார் 1,500 களஞ்சியங்கள், அதில்தான் இருந்தன.

மிரர் சர்வர்கள் இருந்தனவே, பிறகென்ன பயம்? வினை அங்கேதான் வந்தது. தாய் சர்வர் செய்வதை அப்படியே செய்வதுதான் மிரரின் வேலை. தாயிடமிருந்து வந்த களஞ்சியப் பட்டியல் சிதைந்திருந்தது. அதில் இல்லாதவை நீக்கப்பட்டவை என்று எடுத்துக்கொண்டு, நல்ல நிலையில் இருந்த நகல்களையும் மிரர்கள் அழித்துவிட்டன. அந்தச் சுழலில் சிக்காத ஒரே ஒரு சர்வர் இருந்ததால் எல்லாம் மீண்டு வந்தது. இல்லாதிருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

"எல்லார் கணினியிலும் களஞ்சியத்தின் நகலான குளோன் இருக்கிறதே" என்று பலர் சொல்வார்கள். குளோனில் கமிட்டுகள், அதாவது பதிந்த மாற்றங்கள், வரும். சர்வரில் தானாக இயங்கும் ஹூக்குகள் என்னும் சிறு நிரல்கள் வராது, யார் எதைத் தொடலாம் என்ற அனுமதி விவரங்களும் வராது. யாரும் தொடாத பழைய களஞ்சியத்துக்கு எவரிடமும் குளோனே இல்லாமல் போகலாம்.

உங்கள் பொறுப்பில் ஒரு களஞ்சியம் இருந்தால், தேதியிட்ட பேக்கப் ஒன்றைத் தனியிடத்தில் வையுங்கள். இந்த வாரமே அதை வேறொரு கணினியில் மீட்டு, பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.