தேர்வும் பயனும்

ஒருவர் மேற்கொண்ட முடிவு நன்றா, தீதா என்பதை அதன் பயனைக் கொண்டு அளப்பதா? முடிவெடுத்த பொழுதில் அவர் அறிந்திருந்ததைக் கொண்டு அளப்பதா? இவ்வினாவை ஆராய்தற்குச் சென்னை வீரர் எம். ஜே. கோபாலனின் (1909–2003) வாழ்வு துணைபுரிகிறது.

கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவின் சார்பில் ஆடியவர் அவர். 1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆட்டம் ஆடினார். அவ்வாண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதற்பந்தை வீசியவரும் அவரே. 1935இல் ஹாக்கிக் குழுவினருடன் நியூசிலாந்து சென்றார்.

1936இல் இரு வழிகள் எதிர்ப்பட்டன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மற்றொன்று இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அங்கு நடந்த மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் ஒன்றிலேனும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹாக்கிக் குழுவோ ஆகஸ்டு 15 அன்று ஜெர்மனியை 8–1 என வென்று பொற்பதக்கம் பெற்றது. அவருடைய டெஸ்ட் வாழ்வு கல்கத்தா ஆட்டம் ஒன்றோடு முடிந்தது.

தவறான தேர்வு என உலகம் எளிதிற் கூறும். ஆயின், பின்வந்த அறிவைக் கொண்டு முன்செய்த செயலைப் பழித்தல் முறையாகுமோ? அங்ஙனமெனில் பயனை எண்ணவே வேண்டாவோ எனின், வேண்டும். அறியக்கூடிய தீங்கை ஆராயாது செய்தவர், "அறியேன்" எனத் தப்ப இயலாது. அறியவொண்ணாதது மட்டுமே நம் பொறுப்புக்குப் புறம்பானது.

அனுப்பம்பட்டைக் கடந்து பழவேற்காடு சென்றோர், அங்குள்ள மீனவரின் 'பாடு' முறையைக் கேட்டிருப்பர். ஏரியில் வலையிடும் இடங்களைச் சீட்டாலும் முறைவைப்பாலும் பகிர்ந்துகொள்வது அது. கொல்லாமை போற்றும் நமக்கு அத்தொழில் உடன்பாடன்று. ஆயினும் அம்முறையின் நீதி எண்ணத்தக்கது. எவ்விடம் வாய்க்கும் என்பது எவர் கையிலும் இல்லை. வாய்த்த இடமும் நிலையன்று. முறை முடிந்ததும் அடுத்தவர்க்கு விடவேண்டும்.

கோபாலனும் தம் முறை ஓர் ஆட்டத்தோடு முடிந்ததற்காக விளையாட்டை வெறுத்தாரல்லர். சென்னை அணிக்குப் பல்லாண்டு ஆடினார். பின்னர் இந்திய அணியின் தேர்வாளராகிப் பிறருக்கு வாய்ப்பளிக்கும் பொறுப்பேற்றார். 1953இல் தொடங்கிய சென்னை–இலங்கைப் போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

அன்பர்களே! நம் இல்லங்களிலும் படிப்பு, தொழில், திருமணம் குறித்த பழைய முடிவுகளைக் கிளறி ஒருவரையொருவர் நோகச் செய்கிறோம். அவ்வேளையில், "அன்று அறியக்கூடியதை ஆராய்ந்தோமா?" என்று வினவுவோம். ஆராய்ந்தோமெனில் மனக்கசப்பை விடுவோம். இல்லையெனில் இனியேனும் ஆராய்வோம். இரண்டிலும் பிறரை நோவதற்கு இடமில்லை.