திருநாமமும் வழக்குச் சொல்லும்

சொல்லுக்கு இருவகையாகப் பொருள் அமையும் என்பர் வடமொழி வல்லார். பகுதியும் விகுதியும் பிரித்துக் காணும் பொருள் யோகம் எனப்படும்; உலகோர் வாயில் வழங்கி நிலைபெற்ற பொருள் ரூடி எனப்படும். சேற்றில் பிறப்பன பலவாயினும் 'பங்கஜம்' என்றவுடன் தாமரையே நினைவுக்கு வருவது இவ்விரண்டும் கூடி நிற்கும் இடமாகும். தெய்வத் தொடர்புடைய சொற்கள் அன்றாடப் பேச்சில் இறங்கும்போதோ, யோகம் மறைந்து ரூடி மட்டுமே எஞ்சிவிடுவதுண்டு. அவ்வாறு இறங்கிய சொல் தன் தூய்மையை இழந்துவிட்டதா? இவ்வினாவை ஆராய ஆங்கில மொழி நல்லதொரு துணையாகும்.

1792ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் ஆட்சி 1947இல் அகன்றது, மொழி அகலவில்லை. இன்று திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் விடைபெறும் சிறுவனும் 'குட்பை' என்று கையசைக்கின்றான். அச்சொல் 'காட் பீ வித் யீ' என்னும் வாழ்த்து சுருங்கிப் பிறந்தது. 'இறைவன் உம்முடன் இருப்பாராக' என்பது அதன் பொருள். வழங்கி வழங்கி, இறைவனைக் குறித்த சொல் தேய்ந்து 'குட்' என்றாகிவிட்டது.

இங்கு இலக்கண நுட்பம் ஒன்று உண்டு. 'இருக்கிறார்' என்று கூற விரும்பினால் ஆங்கிலத்தில் 'இஸ்' என்றே வரவேண்டும். 'பீ' என்று வந்தமையால் அது செய்தியன்று, வேண்டுதல் என்பது தெளிவாகின்றது. 'காட் ப்ளெஸ் யூ' என்பதிலும் 'ப்ளெஸஸ்' என்று வாராமைக்குக் காரணம் இதுவே. தமிழில் 'வாழ்க', 'வெல்க' என்னும் வியங்கோளும், வடமொழியில் ஆசீர்லிங் என்னும் வினைவடிவும் இத்தொழிலையே செய்கின்றன. ஆகவே 'குட்பை' என்பதில் இறைவன் பெயர் மறைந்தது. ஆனால் பிரிகின்றவர் நலமாயிருக்கவேண்டும் என்னும் கருத்து மறையவில்லை.

இதற்கு நேர்மாறான கதியடைந்த சொல் ஒன்றும் அம்மொழியில் உண்டு. பூரி க்ஷேத்திரத்து எம்பெருமானின் திருநாமம் ஜகந்நாதன் என்பது. 'ஜகத்திற்கு நாதன்' என விரியும் ஆறாம் வேற்றுமைத் தொகை அது. ஆங்கிலத்தில் அது 'ஜகர்நாட்' எனத் திரிந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் கொடிய விசை என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. இங்கிலாந்தில் சாலையை அடைத்துச் செல்லும் பெரிய லாரிக்கும் அதுவே பெயர். சிறப்புப் பெயரைப் பேரெழுத்தில் தொடங்குவது ஆங்கில மரபு. இச்சொல்லோ பொதுப் பெயராகிச் சிற்றெழுத்தில் தொடங்குகின்றது.

தேர்ச் சக்கரத்தின் கீழ் அடியார்கள் தாமே விழுந்து மாள்கின்றனர் என்று ஐரோப்பிய யாத்திரிகர் எழுதிய செய்திகளே இதற்குக் காரணம். 1806இல் பூரிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியாரின் எழுத்து இக்கருத்தை இங்கிலாந்தில் பெரிதும் பரப்பிற்று. பின்னர் ஒரிஸாவைப் பற்றி 1872இல் நூல் வெளியிட்ட ஹண்டர் என்னும் ஆங்கில அதிகாரி, அக்கதைகள் மிகைப்பட்டவை என்று மறுத்தெழுதினார். எனினும் சொல் திரும்பவில்லை. அவர்கள் சக்கரத்தைக் கண்டனர். தேரில் எழுந்தருளியிருந்தவனைக் கண்டிலர். பெயர் நின்றது, பொருள் தலைகீழாயிற்று.

பிறமொழியாளரைக் குறை கூறுவதோடு நின்றுவிடுதல் எளிது. ஆயின் தமிழர் இல்லங்களில் நிகழ்வது என்ன? கொடுத்த கடன் திரும்பாவிடில் 'பணம் கோவிந்தா' என்கின்றனர். ஒருவன் ஏமாற்றிவிட்டால் 'நாமம் போட்டுவிட்டான்' என்கின்றனர். இதைச் சொன்னவர் அந்நியர் அல்லர். வாசலில் கோலமிட்டுப் பெருமாளைச் சேவிப்போரே.

'கோவிந்தா' என்பது விளி. பாணினி முனிவர் விளியைத் தனி வேற்றுமையாக எண்ணாமல் முதல் வேற்றுமையுள் அடக்கினார். தமிழ் இலக்கணமோ அதை எட்டாம் வேற்றுமையாகத் தனியே வைத்துப் போற்றிற்று. விளி என்றால் அழைக்கப்படுபவன் ஒருவன் வேண்டும். சபையில் திரௌபதி அழைத்தாள்; கேட்பவன் இருந்தான். 'பணம் கோவிந்தா' என்பதில் அழைக்கப்படுபவன் எவனும் இல்லை. 'போயிற்று' என்னும் பயனிலையின் இடத்தில் திருநாமம் நிறுத்தப்பட்டுள்ளது. 'குட்பை' பெயரை இழந்து கருத்தைக் காத்தது. இதுவோ பெயரைக் காத்து அழைப்பை இழந்தது.

மகனை 'நாராயணா' என்றழைத்த அஜாமிளன் உய்ந்தான் அல்லனோ, பரிஹாசமாகச் சொன்னாலும் நாமம் பாபத்தைப் போக்கும் என்று ஸ்ரீமத் பாகவதமே பேசவில்லையோ எனின், உண்மையே. அது நாமத்தின் பெருமையைக் கூற வந்ததேயன்றிப் பரிஹாசத்திற்கு அளித்த அனுமதியன்று. அஜாமிளனோ மகனையாயினும் தவித்து அழைத்தான். ஏளனத்தால் திருநாமத்திற்குக் குறைவில்லை. குறைவு நாவிற்கும் அதைக் கேட்டு வளரும் குழந்தைக்குமே. இழப்பின் பெயராகவே 'கோவிந்தா'வைக் கற்ற குழந்தைக்குத் தேர்வீதியில் எழும் அக்கோஷம் எவ்வாறு பொருள்படும்?

இதை இலக்கணத்தால் மட்டும் திருத்தல் ஆகாது. குடம் வேண்டுவோர் குயவனிடம் செல்வதுபோலச் சொல் வேண்டுவோர் இலக்கணப் புலவனிடம் செல்வதில்லை என்னும் கருத்தைப் பதஞ்ஜலி முனிவர் மஹாபாஷ்யத்தில் காட்டியுள்ளார். உலகோர் நடையே சொல்லுக்குப் பொருள் தருகின்றது. திருமண்காப்புத் தரித்தவர் தராசில் ஒரு குன்றிமணி எடை குறைத்தாலும், 'நாமம் போட்டான்' என்னும் வசை அன்று மெய்யாகிவிடும். அவர் சொன்ன சொல் தவறாது நடப்பாராயின், கேட்பவர் நாவில் அவ்வசை தானே தயங்கும். நெற்றியில் உள்ள அடையாளத்திற்கு உரை எழுதுவது ஒழுக்கமே.

தாடிக்கொம்பு ஸ்ரீ சௌந்தரராஜப் பெருமாள் சந்நிதியிலும் பிற திவ்ய க்ஷேத்திரங்களிலும் 'கோவிந்தா' என்று குரலெழுப்பும் அடியார்கள், அது ஆரவாரம் அன்று, அழைப்பு என்பதை உள்ளத்தில் கொள்வார்களாக. அழைக்கப்பட்ட எம்பெருமான் அவரவர் இல்லத்துப் பேச்சிலும் எழுந்தருள்வானாக.