தூங்கியவனின் சம்மதம்

இன்னும் நேராத ஒரு தீங்குக்காக நீதிமன்றம் போகும் உரிமையை ஒருவர் இன்றைக்கே விட்டுக்கொடுக்க முடியுமா? அமெரிக்காவில் இது ஏட்டளவிலான கேள்வி அல்ல. 1925-ஆம் ஆண்டின் கூட்டாட்சி நடுவர் சட்டம் முக்கியமாக வணிகர்களின் சச்சரவுகளை மனதில் கொண்டு பிறந்தது. பிற்காலத் தீர்ப்புகள் அதைச் செல்போன் வாங்குபவர்மேலும் வேலைக்குச் சேர்பவர்மேலும் போர்த்திவிட்டன. தகராறு வந்தால் தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும், அதுவும் தனித்தனியாக. பக்கம் பக்கமான விதிமுறைகளுக்குள் இப்படி ஒரு ஷரத்து. இலவசம் என்று சொல்லி விற்ற செல்போனுக்கு 30 டாலர் 22 சென்ட் வரி வாங்கியதில் தொடங்கிய வழக்கில், 2011-இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் அந்த ஷரத்துக்கு உச்ச நீதிமன்றம் வலு சேர்த்தது. முப்பது டாலருக்காகத் தனி ஆளாக யார் மல்லுக்கட்டுவார்கள்? 2018-இல், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், தொழிலாளர்களுக்கும் அதே கதி நேர்ந்தது.

எல்லாம் சம்மதத்தின் பெயரால்தான். மௌனமே சம்மதம் என்ற வாதத்தை தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748-இலேயே மடக்கியிருக்கிறார்: தூக்கத்தில் கப்பலேற்றப்பட்டவன் கடலில் குதித்துச் சாகவில்லை என்பதற்காகத் தலைவனின் அதிகாரத்தை ஏற்றவனாகிவிடுவானா? வேலை தேடி வந்தவருக்குக் கையெழுத்திடாமல் திரும்புவதும் ஏறக்குறைய அப்படித்தான். கப்பலில் விழித்தவனுக்காவது கடல் கண்ணுக்குத் தெரிகிறது. இவருக்கோ, எதை இழக்கிறோம் என்பது தீங்கு நேர்ந்த பிறகுதான் புரியும்.

பாலியல் வன்முறை, துன்புறுத்தல் புகார்கள் தொடர்பாக 2022 மார்ச்சில் அன்றைய அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம் சரியான இடத்தைத் தொட்டது இதனால்தான். நடுவரை அது ஒழிக்கவில்லை. நடுவரா நீதிமன்றமா என்று முடிவுசெய்யும் உரிமையைப் புகார் எழுந்த பிறகு புகார்தாரரிடம் கொடுத்தது. ஆகவே ஒப்பந்த சுதந்திரம் பறிபோகிறது என்ற கூச்சல் எடுபடாது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: சண்டை மூண்டபின் இரு தரப்பும் ஒரே வழிக்கு ஒத்துவருவது அரிது, எனவே முன்கூட்டிய ஒப்பந்தம் போனால் மலிவான, விரைவான வழியே அடைபட்டுவிடும். இதில் உண்மை உண்டு. ஆனால் விவரம் தெரிந்தபின் கிடைக்காத சம்மதத்தை, தெரியாத வேளையில் வாங்கிவைத்துக்கொள்கிறோம் என்ற ஒப்புதலும் இதற்குள்ளேயே இருக்கிறது. மலிவு என்பதும் யாருக்கு என்று கேட்க வேண்டும். டோர்டாஷ் நிறுவனத்தின் 5,000-க்கும் மேற்பட்ட விநியோக ஊழியர்கள், ஷரத்தில் உள்ளபடியே, தனித்தனியாக நடுவரை நாடினார்கள். கட்டணம் கட்ட மறுத்தது நிறுவனம்தான். அதன் சொந்த ஷரத்தை அதுவே நிறைவேற்ற வேண்டும் என்று 2020-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட வேண்டியிருந்தது. நுகர்வோர், தொழிலாளர் அனைவருக்கும் தகராறு எழுந்த பிறகே வழியைத் தேர்வுசெய்யும் பாதுகாப்பைத் தரும் மசோதா 2019-இலும் 2022-இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை.