ஆர்மாமலை ஓவியத்தில் ஆட்டு வாகனம்



திருப்பத்தூர் மாவட்டம் மலையம்பட்டு ஊரையடுத்த ஆர்மாமலைக் குகை, எட்டாம் நூற்றாண்டளவில் நம் முன்னோர் ஜிநாலயமாக ஆக்கிக்கொண்ட இயற்கைக் குகையாகும். உள்ளே மண் சுவர் எழுப்பி அறைகள் வகுத்தனர். பாறையில் சுதை பூசி வண்ணம் தீட்டினர். பெரும்பகுதி உதிர்ந்துபோயிற்று. எஞ்சியவற்றுள் தாமரைத் தடாகமும், எண்டிசைக் காவலருள் ஒருவனாகிய அக்கினி தேவன் தன் தேவியோடு ஆட்டின்மீது அமர்ந்த கோலமும் காணத்தக்கன. அந்த ஆட்டைப் பற்றியே ஈண்டுச் சிந்திக்கப் புகுகின்றோம்.

தீயும் ஆடும் ஒருங்கே நின்ற இடம் பண்டு வேள்விச்சாலை. அங்கே தீ உண்பது, ஆடு உண்ணப்படுவது. ஆர்மாமலையிலோ ஆடு தீக்கடவுளைச் சுமந்து உயிரோடு நிற்கின்றது. அக்கினிக்கு ஆடு ஊர்தியாதல் நமக்கே உரிய வழக்கன்று. வைதிகக் கோயில்களிலும் உண்டு. ஆயினும் இங்கு அவ்விருவரும் காவல் நிற்பது கொல்லாமையை உரைத்த பெருமானுக்கு. இந்தச் சேர்க்கையே பொருளை மாற்றிவிடுகின்றது.

நம் ஆலயங்களில் இதனை நாள்தோறும் காண்கிறோம். பாம்புப் படக்குடை உடையாரை ஒழித்தால், தீர்த்தங்கரர் திருமேனிகள் பெரும்பாலும் ஒரே வடிவின. பீடத்தில் எருது இருப்பின் ஆதிநாதர், சிங்கம் இருப்பின் மகாவீரர். ஆடு இருப்பின் பதினேழாம் தீர்த்தங்கரராகிய குந்துநாதர். அதே ஆடுதான், ஆனால் ஓரிடத்தில் திசைக்காவலனின் ஊர்தி, மற்றோரிடத்தில் அருகனின் இலாஞ்சனம். சித்தன்னவாசலின் தாமரைக் குளமும் அவ்வாறே. தனியே நோக்குவார்க்கு அது குளம். உள்ளே வீற்றிருக்கும் ஜிநரோடு சேர்த்து நோக்குவார்க்குச் சமவசரணத்து நீர்நிலை, மலர் பறிப்போர் பவ்ய ஜீவர்கள்.

இச்சேர்க்கை சுவரோடு நிற்பதன்று, நெஞ்சினுள்ளும் நிகழ்வது. யசோதரன் தாய் சொல்லுக்கிணங்கிப் பலியிட்டது மாவினாற் செய்த கோழியே. அதில் உயிரில்லை. ஆனால் மாவோடு கோழி உருவமும், உருவத்தோடு வாளும், வாளோடு கொல்லும் எண்ணமும் கூடின. அவ்வளவில் தாயும் மகனும் மயிலாய், நாயாய், மீனாய், ஆடாய்ப் பிறந்து உழன்றனர். பாவத்திற்கு வித்து பாவனையே என்பதை இதனினும் கூர்மையாக உரைக்கும் கதை நம்மிடம் இல்லை எனலாம்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். புதுமனை புகுவிழாவிலும், ஆயுத பூசையன்று கடையிலும், ஊர் வழக்கைப் பார்த்து நம்மவருட் சிலரும் பூசணிக்காய் உடைக்கின்றனர். பூசணிக்காய் வெறுங் காய்தான், குங்குமம் மங்கலப் பொருள்தான். காயைத் துளைத்து உள்ளே குங்குமத்தை நிரப்பி நடுத்தெருவில் உடைக்கும்போது சிதறிக் கிடப்பது எதன் நிறம்? "திருஷ்டிக்காக" என்று விடை சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அருகில் நின்று பார்க்கும் குழந்தை, எந்த உயிருக்கு ஈடாக இக்காய் உடைபடுகின்றது என்று கேட்டால், அதற்கு யசோதரன் கதையைத்தானே நாம் சொல்ல வேண்டியிருக்கும்?