ஈகையா, ஒப்புரவா: உடன் உழைப்பவருக்குக் கொடுப்பதன் அறம்

ரந்தாவ், சுவா பெத்தோங், பகாவ் முதலிய மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறங்களில், விடியுமுன் நடக்கும் பிரட்டில், அதாவது ஆளெண்ணி வேலை பிரிக்கும் கூட்டத்தில், பெயர் கொடுத்துவிட்டு அடுத்தடுத்த நிரைகளில் கித்தா எனும் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்த தமிழர், பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பணி ஓய்வுக்கும் ஒருவருக்கொருவர் கொடுத்தும் வாங்கியும் வந்திருக்கின்றனர். உடன் வேலை செய்பவருக்கு எது பொருத்தமான அன்பளிப்பு என்பது கடையில் முடியும் கேள்வியாகத் தோன்றினாலும், தனக்குச் சமமானவருக்குக் கொடுப்பது கொடையாகுமா என்ற பழைய அறவியல் வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

அறநூல்கள் இவ்வினாவுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை யாவும் அளந்து திரும்ப வாங்கும் கடனின் தன்மையுடையவை என்பது ஈகை அதிகாரத்தின் முதற்குறள் தரும் முடிவு. கீதையின் பதினேழாம் அத்தியாயமோ, கைம்மாறு செய்ய இயலாதவருக்குத் தக்க இடத்திலும் காலத்திலும் தருவதைச் சாத்துவிக தானம் என்றும், கைம்மாறு கருதித் தருவதை ராஜச தானம் என்றும் பிரிக்கிறது. இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், கல்யாணப் பந்தலில் பெயரோடும் தொகையோடும் எழுதப்படும் மொய், கொடை என்ற பெயருக்கே தகுதியற்றதாகிவிடும். ஆனால் பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடமையாகப் பிணைந்திருப்பதே பல சமூகங்களில் அன்பளிப்பின் இயல்பு என்று காட்டினார்.

இந்த முரணைத் தீர்க்கும் வழி திருக்குறளிலேயே இருக்கிறது. ஈகைக்கு முந்தைய அதிகாரம் ஒப்புரவறிதல். ஒப்புரவு என்பது கூடி வாழும் ஊரின் நடையறிந்து, அவ்வூராருக்குப் பயன்பட வாழ்தல். மழைக்கு உலகம் என்ன திருப்பித் தரமுடியும் என்று அவ்வதிகாரமும் கைம்மாற்றை விலக்கவே செய்கிறது என்பது உண்மைதான். எனினும் கைம்மாற்றை எதிர்பாராதிருப்பது வேறு, வாங்கியவர் திருப்பித் தரும் வழியையே அடைத்துவிடுவது வேறு. சமமானவருக்குச் செய்யும்போது முன்னது பெருந்தன்மை. பின்னது அவரை இரவலராக்குவது.

தோட்டத்து வழக்கம் இதை நூல் படிக்காமலே அறிந்திருந்தது. தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை வைத்துத் துணி மூடி அடுத்த வீட்டுக்கு அனுப்பிய எவர்சில்வர் தட்டு வெறுமனே திரும்புவதில்லை; கொடுக்க ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது அதில் விழும். அந்தச் சர்க்கரை பலகாரத்தின் விலைக்கு ஈடல்ல, வாங்கியவரும் கொடுக்கவல்லவரே என்பதற்கு அதுவே போதும். ஆள்சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தால் கப்பலேறும்போதே கடனாளியாகி வந்தவர்களின் வழித்தோன்றல்களிடம் இந்த நுணுக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை. உதவி பெற்றுத் தொழிலாளர் கடல்கடக்கும் அம்முறையை இந்திய அரசு 1938இல்தான் தடை செய்தது. விலையுயர்ந்த பொருளைக் கொடுத்துச் சக தொழிலாளியைத் திணறவைப்பது, எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும், அந்தப் பழைய முன்பணத்தின் சாயலையே பெறுகிறது.

தண்டலுக்கோ கிராணிக்கோ, அதாவது மேற்பார்வையாளருக்கோ எழுத்தருக்கோ, கொண்டுபோகும் பழக்கூடை வேறு வகை. பெரியோரைக் காணச் செல்பவர் கையோடு கொண்டுசெல்லும் காணிக்கையைப் பழந்தமிழர் கையுறை என்றனர். நல்ல நிரை கிடைக்கும் என்ற எண்ணம் அதில் கலந்த கணத்திலேயே அது கையூட்டாகிவிடுகிறது. 

சமயம் கடந்து கொடுக்கும்போது சிக்கல் கூடுகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் பிரசாதத்தைவிடச் சிறந்ததொன்றை இந்துத் தொழிலாளி கொடுக்க முடியாது. ஆனால் அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டது முஸ்லிமுக்கு விலக்கு என்பதால் முனியாண்டி படையல் கறி அவருக்கு ஆகாது, படைக்கப்பட்ட உணவைப் பற்றிய வாதம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இருப்பதால் கிறித்துவரிலும் சிலர் தயங்குவர். கொடுப்பவருக்குப் புனிதமானது வாங்குபவருக்குச் சங்கடமாகலாம் என்பதை உணர்ந்து, படைக்காத வாழைச்சீப்பையோ ஹலால் முத்திரையுள்ள இனிப்பையோ தேர்வதைப் பக்திக் குறைவாகக் கருதுவது தவறு. அதுதான் ஊர்நடை அறிதல். சீன நண்பருக்குச் சுவர்க்கடிகாரத்தைத் தவிர்ப்பதும் அவ்வகையே, ஏனெனில் அவர் வழக்கில் அது சாவை நினைவூட்டும்.

இன்று தோட்டங்களில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, குலை வெட்டுவோரில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் மிகுந்துள்ளனர். கொங்சியில், அதாவது தொழிலாளர் பொதுவில் தங்கும் கொட்டகையில், குடும்பமின்றி வாழும் வங்காளதேசத் தொழிலாளி ஒரே நேரத்தில் இல்லாதவராகவும் சமமானவராகவும் இருப்பதால், அவருக்குத் தீபாவளியன்று தரும் கைலி ஈகையா ஒப்புரவா என்பது கொடுப்பதோடு முடிவாவதில்லை. நோன்புப் பெருநாளன்று அவர் காய்ச்சித் தரும் சேமியாவைத் தமிழ்த் தொழிலாளி மறுக்காமல் வாங்கி உண்டால், அந்தக் கைலி ஒப்புரவு. மறுத்தால் அது வெறும் தருமம்.